ஏப்ரல் தாள்

வாழைச்சேனை ஆஸ்பத்திரி, மருந்து கட்டும் அறை.
கை கழுவும் தொட்டிக்கு மேலே
கோயில் கலண்டரில் ஏப்ரல்:
நாலு தலைகள்
ஒரு காயத்தின் மேல் கவிந்திருக்கின்றன.
நானூறு வருசத்துக்கு முந்திய இத்தாலிப் படமாம்,
பாதர் பிலேந்திரன் சொன்னார்.
எனக்கு அது நேற்றுக் காலை பத்து மணி.

தோமையார் விரலை விட்டுப் பார்க்கிறார்.
நகக்கண்ணில் அழுக்கு.
விசுவசிக்க வந்தவர் கை கழுவிவிட்டு வந்திருக்கலாம்,
முதல்நாளே படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.
பிறகுதான் காயத்தைக் கவனித்தேன்.
சீழ் இல்லை. விளிம்பு கறுக்கவில்லை.
நித்திரைப் பிள்ளையின் உதடு போலத்
துளி திறந்திருக்கிறது.
ஒரு கிழமை தாண்டிய காயம் இப்படி இராது.
கீறியவனுக்கு உடம்பு தெரியும்,
ஆறுவது தெரியாது.
அல்லது
இது ஆறக்கூடாது என்று நினைத்தானோ.

"ஒளிவட்டம் எங்க? இதில ஆர் சாமி?"
நாகேஸ்வரி சிஸ்டர் கேட்டார்.
"கழட்டுங்க, நோயாளிகள் பயப்படுவாங்க."

நோயாளிகள் பயப்படவில்லை.
உதுமாலெவ்வை காக்கா, ஓட்டமாவடி,
சீனி வருத்தம், இடது குதிகாலில் ஆறாத குழி.
ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு
கனநேரம் பார்த்தார்.
"அந்த மனிசன்ட தோள்ல சட்ட கிழிஞ்சிரிக்கி மிஸி.
தைச்சிக் குடுக்க ஊட்ட ஆக்கள் இல்லயா?"

அதுவரை என் கண்ணில் படவில்லை.
தையல் விட்ட தோள்.
விலாக் காயத்தின் அதே நீளம், அதே சாய்வு.
சந்தேகப்பட்டவருக்கும் ஓரிடம் பிரிந்திருக்கிறது.

காக்காவின் குழிக்குள் கோஸ் திணித்தேன்.
அவருக்கு நோகாது. அதுதான் அவருடைய வருத்தம்.
"உள்ளுக்குப் போறது விளங்குது," என்றார்,
"உங்கட மொகத்துல."

பாதர் பிரசங்கத்தில் சொல்வார்:
விலாவிலிருந்து இரத்தமும் தண்ணீரும் வந்தன,
ஒன்று நற்கருணை, மற்றது ஞானஸ்நானம்.
இருக்கும்.
என் தட்டிலும் இரத்தமும் தண்ணீரும்தான் விழுகின்றன.
இரண்டையும் ஒரே வாளிக்குள் ஊற்றி
மூடி போட்டு வைக்கிறோம்.

படத்தில் என் கண் நிற்கும் இடம் வேறு.
காயம்பட்டவர்
விரல் வைத்தவரின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார்.
தள்ளிவிடவில்லை,
உள்ளே கூட்டிக்கொண்டு போகிறார்.

தொண்ணூற்றொன்று. மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி.
எனக்குப் பயிற்சி முடியவில்லை. கரண்ட் இல்லை.
இடது பக்கமிருந்து ஒரு டோர்ச் வெளிச்சம்,
மற்றதெல்லாம் இருட்டு.
பெயர் சொல்லாத பெடியன் ஒருவன்.
விலாவில் மச்சம் அளவு துவாரம்.
"ஒண்டுமில்ல தம்பி, தோல்தான் கிழிஞ்சிரிக்கு."
அவன் மறுத்துப் பேசவில்லை.
என் மணிக்கட்டைப் பிடித்தான்,
கை சில்லிட்டிருந்தது.
"இஞ்ச," என்றான்.
இன்னும் கொஞ்சம்.
"இஞ்ச."
விரல் நுனியில்
நாவல் விதை போல ஓர் இரும்பு.

அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.
படத்திலும் பாருங்கள்,
அவர் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.
நாலு பேருடைய கண்ணும்
விரல் போகும் இடத்திலேயே இருக்கிறது.
பதிவேட்டில் எழுதினேன்: ஆண், வயது 19?
அந்தக் கேள்விக்குறி என்னுடையது.

மே ஒன்பது.
கிளினிக் திகதி பார்க்கவென்று
சிஸ்டர் தாளைப் புரட்டிவிட்டார்.
இப்போது நீலச் சால்வை மாதா,
கையில் வெள்ளை லீலி,
பாதத்தில் ஒரு பொட்டுத் தூசியில்லை.
நல்ல வடிவுதான்.

காக்கா வந்தார். சுவரைப் பார்த்தார்.
"எங்க மிஸி, அந்தச் சட்ட கிழிஞ்ச ஆள்?"
ஈரக் கையுறையோடு
மே மாதத்தைத் தூக்கிப் பிடித்தேன்,
அவர் பார்த்து முடியும்வரை.

"இன்னும் தைக்கல்ல," என்று
காலை எடுத்து ஸ்டூலில் வைத்தார்.